சரமாரியாக என்றால் எத்தனை அடி?

சிறுகதை எழுதும் ஒருவரின் கேள்வி இது. தன் கதையில், "அவன் கன்னத்தில் சரமாரியாக ஓங்கி ஓர் அறை விட்டாள்" என்று எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்த நண்பர், "ஓர் அறைக்கு எப்படி சரமாரி வரும்?" என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சரமாரியாக என்றால் பலமாக, கடுமையாக என்றுதானே பொருள்? செய்தித்தாளில் அப்படித்தானே போடுகிறார்கள்? தாறுமாறாக, சகட்டுமேனிக்கு, கண்மூடித்தனமாக என்பதெல்லாம் இதே பொருள்தானா?" என்கிறார்.

நண்பர் சொன்னது சரி. அந்த வாக்கியத்தில் 'சரமாரியாக' என்பதை எடுத்துவிட்டு, "ஓங்கி ஓர் அறை விட்டாள்" என்று நிறுத்தினாலே போதும். அறை நன்றாகவே விழுந்துவிடும். இல்லை, சரமாரிதான் வேண்டுமென்றால் ஓர் அறையோடு விடக்கூடாது: "சரமாரியாக அறைந்தாள், அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட அவகாசம் இல்லை." இரண்டும் வேறு வேறு காட்சி. உங்கள் கதைக்கு எது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் எளிது. சரமாரி வலிமையைச் சொல்கிற சொல் இல்லை. எண்ணிக்கையையும் இடைவிடாமையையும் சொல்கிற சொல். பல, விடாமல், ஒரு குறியை நோக்கி: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சரமாரி. அடி பலமாக விழுந்ததா லேசாக விழுந்ததா என்பது இந்தச் சொல்லின் கவலையே இல்லை. பூனைக்குட்டி பிராண்டுவது கூட சரமாரியாக இருக்கலாம். யானை ஒரே ஒரு முறை மிதித்தால் அது சரமாரி ஆகாது.

சொல்லைப் பிரித்தால் இது தெளிவாகிவிடும். சரம் என்றால் அம்பு. வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு நாணல் என்றும் பொருள் உண்டு. அந்தக் காலத்தில் நாணல் தண்டில் அம்பு செய்தார்கள், அதனால் செடியின் பெயர் கருவிக்கும் நின்றது. முருகன் பிறந்த சரவணப் பொய்கையின் 'சரவணம்' நாணல் காடுதான். ஆக, வீட்டுக்கு வீடு இருக்கும் சரவணன் பெயரிலும், குற்றச் செய்தியில் வரும் சரமாரியிலும் இருப்பது ஒரே சரம். மாரி என்றால் மழை. இது நம் சொல். "பாரி ஒருவனும் அல்லன், மாரியும் உண்டு" என்று கபிலர் பாடிய அதே மாரி. தமிழ்நாட்டில் இன்று மாரியம்மன் பெயரிலும் சில தொடர்களிலும்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது: அங்கே மழைக்காலம் மாரிகாலம்தான், ஓயாமல் கத்துகிறவன் மாரித் தவளைதான்.

எனவே சரமாரி என்பது அம்பு மழை. வடமொழி இதிகாசங்களில் போர்க் காட்சி வந்தால் 'சரவர்ஷம்' என்ற தொடர் அடிக்கடி வரும். பாதி அப்படியே நிற்க, வர்ஷம் இருந்த இடத்தில் மாரி வந்து உட்கார்ந்தது போன்ற சொல் நம்முடையது.

தமிழில் இதற்கு நல்ல சாட்சி ஆண்டாள். மார்கழி மாதம் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் மனப்பாடமான "ஆழி மழைக் கண்ணா" பாசுரத்தில், மழையிடம் எப்படிப் பெய்ய வேண்டும் என்று சொல்கிறாள். திருமாலின் சக்கரம் போல மின்ன வேண்டும், வலம்புரிச் சங்கு போல அதிர வேண்டும், அப்புறம் "தாழாதே சார்ங்கம் உதைத்த சரமழை போல் வாழ உலகினில் பெய்திடாய்". சார்ங்கம் என்பது திருமாலின் வில். அது உதைத்து விட்ட அம்பு மழை போலப் பெய் என்கிறாள். இதில் கவனிக்க வேண்டியது 'தாழாதே' என்ற சொல். தாமதிக்காமல், விட்டு விட்டு வராமல். அம்பு மழை என்றதும் அவள் மனசில் முதலில் வருவது வேகமும் இடைவிடாமையும்தான். இன்னொன்றும் இருக்கிறது. அம்பு கொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் 'வாழ' என்று ஒரு சொல்லைப் பக்கத்திலேயே வைக்கிறாள். சரமழை தானாக விட்டால் துன்பத்தின் பக்கம் சாய்ந்துவிடும் சொல். அதை நன்மையின் பக்கம் இழுக்க ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான், கீழே சொல்கிறேன்.

(உங்கள் வாக்கியத்தில் இருந்த 'ஓங்கி'யும் இதே திருப்பாவையில்தான் இருக்கிறது. இதற்கு முந்திய பாசுரம், "ஓங்கி உலகளந்த உத்தமன்". ஓங்கி என்றால் உயர்ந்து, உயர்த்தி. கையை மேலே தூக்கி அடிப்பதால் ஓங்கி அடி. ஆண்டாள் இரண்டையும் அடுத்தடுத்த பாசுரங்களில் வைத்தாள்; ஒரே வாக்கியத்தில் வைக்கவில்லை.)

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சரம் என்றதும் பலருக்குப் பூச்சரம், முத்துச்சரம், சரவெடி எல்லாம் நினைவுக்கு வரும். 'சரம் சரமாக' என்று சொல்கிறோமே, அதிலிருந்துதான் சரமாரி என்று நினைக்கிறார்கள். பொருளும் ஏறக்குறையப் பொருந்துவதால் சந்தேகமே வராது. ஆனால் அது வேறு சரம்: கோத்தது, தொடுத்தது. பத்தாயிரம் வாலா பட்டாசைக் கொளுத்தினால் சத்தம் விடாமல் வரும்தான், ஆனால் அது கட்டிய வரிசைப்படி வருகிறது, யாரையும் குறி பார்த்து வரவில்லை. சரமாரியில் குறி உண்டு. எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் மேல் வந்து விழ வேண்டும்.

இந்த 'எதிரே ஓர் ஆள்' என்பதை வைத்தே பாதிச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளலாம். "சரமாரியாகக் கேள்வி கேட்டார்கள்" சரி, பதில் சொல்ல வேண்டியவர் எதிரே நிற்கிறார். "சரமாரியாகக் கல் வீசினார்கள்" சரி. "சரமாரியாக ஓடினான்" தவறு, ஓட்டம் யார் மேலும் விழவில்லை. "தக்காளி விலை சரமாரியாக ஏறியது" என்று ஒருமுறை ஒரு செய்திப் படியில் பார்த்தேன். விலை ஏறினால் நம் தலையில்தான் விழுகிறது என்று வேண்டுமானால் வாதாடலாம். இருந்தாலும் அங்கே 'கிடுகிடுவென' என்று நல்ல சொல் இருக்கும்போது எதற்கு இந்த வம்பு.

கிரிக்கெட்டில் பார்த்தால் இன்னும் தெளிவு. 2007 செப்டம்பர் 19 அன்று டர்பனில், முதல் டி20 உலகக் கோப்பையில், ஸ்டூவர்ட் பிராட் போட்ட ஒரே ஓவரில் யுவராஜ் சிங் ஆறு பந்துக்கும் ஆறு சிக்ஸர் அடித்தார். 12 பந்தில் அரை சதம். "சரமாரியாக சிக்ஸர் விளாசினார்" என்று எழுத இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைக்காது: பல, விடாமல், வாங்கிக்கொள்ள எதிரே ஒரு பந்துவீச்சாளர். 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடேயில் குலசேகரா பந்தை தோனி சிக்ஸருக்குத் தூக்கி உலகக் கோப்பையை முடித்துவைத்தாரே, அதை இன்னும் எத்தனை ஆண்டு கழித்துப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அது ஓங்கி அடித்த ஓர் அடி. அந்த ஓர் அடிக்கு மேலே சொன்ன ஆறு அடியையும்விட மதிப்பு அதிகம் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் சரமாரி மட்டும் போடாதீர்கள்.

பாராட்டுக்குச் சரமாரி போடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. "தலைவரைச் சரமாரியாகப் புகழ்ந்தனர்" என்று எழுதினால் இலக்கணப்படி குற்றம் இல்லை, ஆனால் படிக்கிறவர் லேசாகச் சிரிப்பார். தலைவர் புகழ்ச்சி தாங்காமல் நெளிந்தார் என்ற கிண்டல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அம்பு குத்தும் அல்லவா? பாராட்டுக்குப் பூமாரி, புகழ்மாரி, வாழ்த்து மழை என்று தனியாக இருக்கின்றன. மாரி பொதுச் சொல். முன்னால் என்ன நிற்கிறதோ அதுதான் பொழியும். வசை நின்றால் வசைமாரி, பொன் நின்றால் பொன்மாரி. கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்த கதையைப் பாடும் ஆழ்வார்கள் இந்திரன் பெய்வித்ததைக் கல்மாரி என்பார்கள். இதனால் ஒன்று கவனம்: "வசைமாரியைச் சரமாரியாகப் பொழிந்தார்" என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு மாரி. "கேள்விக்கணைகளைச் சரமாரியாகத் தொடுத்தார்" என்பதில் அந்தச் சங்கடம் இல்லை. கணை, சரம், தொடுத்தல் எல்லாமே வில்லோடு வந்தவை. தேய்ந்த தொடர்தான், ஆனாலும் உறுப்புகள் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை.

சரி, செய்தித்தாளுக்கு வருவோம். உங்கள் குழப்பத்துக்கு முழுப் பொறுப்பும் எங்கள் தொழிலுடையது. செய்திப் படிகளைத் திருத்துவதுதான் என் வேலை என்பதால் இதைத் தயங்காமல் சொல்லலாம். கொலைச் செய்திக்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறது: "மோட்டார் சைக்கிளில் வந்த மர்ம நபர்கள், ஓட ஓட விரட்டி, சரமாரியாக அரிவாளால் வெட்டினர், ரத்த வெள்ளத்தில் சரிந்த அவர் சம்பவ இடத்திலேயே பலியானார்." ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்கும் தொடர்கள். எஞ்சின் எந்த ஊருக்குப் போனாலும் பெட்டிகள் மாறுவதில்லை. நிருபர் அவசரத்தில் போனில் சொல்கிறார், இங்கே தட்டச்சு செய்கிறவர் விரல் தானாக அந்தப் பெட்டிகளைக் கோத்துவிடுகிறது. கீழே நாலாவது பத்தியில், "மருத்துவர்கள் கூறுகையில் கழுத்தில் விழுந்த ஒரே வெட்டில்..." என்று இருக்கும். ஒரே வெட்டு என்றால் மேலே சரமாரி எங்கிருந்து வந்தது? இப்படி வந்த படிகளில் நான் முதலில் நீக்கும் சொல் அதுதான்.

தலைப்பில் இன்னும் மோசம். இடம் போதாது என்பதால் 'ஆக' கழன்றுவிடும்: "அமைச்சரிடம் சரமாரி கேள்வி", "வாலிபருக்குச் சரமாரி வெட்டு". இப்படிக் கழன்று கழன்று, சரமாரி என்பதே 'பயங்கரம்' என்பதற்கு இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இனி மற்ற மூன்று சொற்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒன்று போலத்தான் தோன்றும், நான்கையுமே 'அடித்தான்' என்பதற்கு முன்னால் வைக்க முடிகிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

தாறுமாறாக என்பது ஒழுங்கைப் பற்றியது. ஒழுங்கு குலைந்தால் தாறுமாறு. பிரேக் பிடிக்காத லாரி தாறுமாறாக ஓடும், கோபத்தில் ஒருவன் தாறுமாறாகப் பேசுவான். எதிரே ஆள் வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. இப்போது இளைஞர்கள் "படம் தாறுமாறு" என்றால் அது பாராட்டு. 'வெறித்தனம்', 'பயங்கரம்' எல்லாமும் அந்த வழியில் போய்விட்டன. வரம்பு மீறியதைச் சொல்லும் சொல் எதுவாக இருந்தாலும் கொஞ்ச காலத்தில் அதைப் பாராட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம். சரமாரி மட்டும் இன்னும் தப்பித்து நிற்கிறது. "படம் சரமாரி" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சகட்டுமேனிக்கு என்பது யார் யார் என்பதைப் பற்றியது. சகட்டுமேனி என்றால் ஒட்டுமொத்தமாக, சராசரியாக என்று கணக்கில் சொல்கிற பேச்சு. மேனி என்பது வயலின் விளைச்சலைக் குறிக்கும் சொல்லும்கூட. நல்ல வயல், சொத்தை வயல் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பது. அதிலிருந்து, ஆள் பார்க்காமல் எல்லாரையும் ஒரே போடு போடுவது சகட்டுமேனிக்குத் திட்டுவது ஆயிற்று. வாத்தியார் யார் சத்தம் போட்டது என்று விசாரிக்காமல் வரிசையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரம்பால் போட்டால், அது சகட்டுமேனிக்கு. ஒரே பையனுக்குப் பத்து அடி என்றால் சரமாரி. 'மானாவாரியாக'வும் இந்தக் குடும்பம்தான், அதுவும் வயலிலிருந்து வந்தது. வானத்தை நம்பிப் பரவலாக விதைத்துவிட்டு வருகிற புன்செய் மானாவாரி. அளவும் இலக்கும் இல்லாமல் வாரி இறைப்பதற்கெல்லாம் அதுவே பேர் ஆகிவிட்டது. சரமாரி போர்க்களத்துச் சொல், இவை இரண்டும் வயல்காட்டுச் சொல். எனக்கு என்னவோ இவற்றின் மேல்தான் பிரியம் அதிகம்.

கண்மூடித்தனமாக என்பதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது செய்தவன் மனசைப் பற்றிய தீர்ப்பு. பார்க்காமல், யோசிக்காமல் செய்தான் என்கிறது. இதைக் கவனிக்காமல் போட்டால் சொல்ல வந்ததற்கு நேர்மாறாகப் போய்விடும். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். "ஜெனரல் டயர் கண்மூடித்தனமாகச் சுட உத்தரவிட்டான்" என்று பாடப் புத்தக நடையில் எத்தனையோ முறை படித்திருப்போம். நடந்தது என்ன? சுமார் பத்து நிமிடத்தில் 1,650 ரவைகள். நொடிக்கு ஏறக்குறைய மூன்று. பல, விடாமல், வெளியே போக வழியில்லாத ஒரு கூட்டத்தை நோக்கி. அது சரமாரி, சந்தேகமே இல்லை. ஆனால் கண்மூடித்தனமா? கூட்டம் எங்கே நெருக்கமாக இருந்ததோ அங்கே பார்த்துச் சுடச் செய்ததாகத்தான், அதை விசாரிக்க அரசாங்கம் அமைத்த ஹண்டர் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு செய்த காரியம். கண்மூடித்தனம் என்று எழுதும்போது நாம் நம்மை அறியாமல் அந்த ஆளுக்கு ஒரு சலுகை கொடுக்கிறோம்: பாவம், நிதானம் இழந்துவிட்டான் என்பது போல. அரசாங்கக் கணக்கிலேயே 379 பேர் செத்த இடத்தில் அந்தச் சலுகைக்கு வேலை இல்லை. 'குறிபார்த்து', 'ஈவிரக்கமில்லாமல்', 'சரமாரியாக' என எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அங்கே கண்மூடித்தனம் மட்டும் வேண்டாம்.

மூர்க்கமாக, ஆவேசமாக, வெறித்தனமாக என்பவையும் மனசைப் பற்றியவைதான், அவற்றுக்கும் இதே எச்சரிக்கை. கடுமையாக, பலமாக என்பவைதான் நீங்கள் நினைத்த 'வலிமை'. ஓர் அடிக்கும் வரும், நூறு அடிக்கும் வரும்.

கதை எழுதுகிறவர் என்பதால் இன்னொன்று. சரமாரி எழுத்துச் சொல். கதைசொல்லி எழுதலாம், பாத்திரம் பேசக்கூடாது, அந்தப் பாத்திரம் டிவி செய்தி வாசிப்பவராகவோ மேடைப் பேச்சாளராகவோ இருந்தால் ஒழிய. தெருவில் சண்டை பார்த்துவிட்டு வரும் பெரியம்மா, "அவனைச் சரமாரியாக அடித்தார்கள் மகனே" என்று சொல்வாரா? "அடி அடின்னு அடிச்சிட்டாங்கப்பா" என்பார். வினையையே இரண்டு முறை சொல்லி 'என்று' போட்டு மறுபடியும் அதே வினை. திட்டு திட்டென்று திட்டினான், அழு அழென்று அழுதாள், கொட்டு கொட்டென்று கொட்டியது. சரமாரிக்கு நேரான பேச்சுத் தமிழ் இதுதான்: எண்ணிக்கை, இடைவிடாமை இரண்டும் இதில் வந்துவிடுகிறது, அம்பு வில் எதுவும் தேவைப்படவில்லை. இல்லையென்றால் இரண்டு வினையைச் சேர்ப்பார்கள்: வெளுத்து வாங்கினான், பின்னி எடுத்தான், போட்டுச் சாத்தினான், உரித்து எடுத்தார். அடைச்சொல்லே இல்லாமல் வினையாலேயே காரியத்தை முடிப்பதுதான் நம் பேச்சின் பழக்கம். வெறும் 'நல்லா' என்று போட்டாலும் போதும். "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்பதில் நல்லது எதுவும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஓர் அடியா பல அடியா என்பதைப் பேச்சுத் தமிழ் ஒலியிலேயே காட்டிவிடும். பளார், சுளீர், மடேர், நச் என்பவை ஓர் அடி. சாட்டை பட்டால் சுளீர், கன்னத்தில் விழுந்தால் பளார், கதவில் மோதினால் மடேர். பளார் பளார் என்று இரட்டித்தால் இரண்டு கன்னத்திலும் விழுந்துவிட்டது. உங்கள் கதையின் அந்த ஓர் அறைக்கு ஓங்கியைக்கூட விட்டுவிட்டு, "பளாரென்று அறைந்தாள்" என்றாலும் நன்றாகத்தான் இருக்கும். கேள்வியிலும் இதே வித்தியாசம் உண்டு. 'சரமாரியாகக் கேட்டான்' என்றால் கேள்விகள் நிறைய. 'நறுக்கென்று கேட்டான்' என்றால் ஒரே கேள்வி, அதற்கு மேல் பேச்சில்லை. 'நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி' என்பதில் எண்ணிக்கை இருந்தாலும் அழுத்தம் கூர்மையில்தான் இருக்கிறது. சொல்லப்போனால், சரமாரியாகக் கேட்கப்படும் கேள்விகளில் இருந்து தப்பிப்பது எளிது. எதற்கு வசதியோ அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பத்திரிகையாளர் சந்திப்புகளில் தினமும் நடப்பதுதானே இது.

பழைய இலக்கணத்தில் மிகுதிக்கு என்று ஒரு பட்டியல் உண்டு: சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று நன்னூல் சொல்லும். பள்ளியில் படித்தது நினைவிருக்கும். 'சாலச் சிறந்தது' தவிர இன்று மற்றவற்றை அடைமொழியாக யாரும் புழங்குவதில்லை, உங்கள் கதைக்கும் உதவாது.

மழைக்குச் சரமாரி போடுவது பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். "சரமாரியாக மழை பெய்தது" என்றால் அம்பு மழையாக மழை பெய்தது என்று ஆகிறது. மாரிக்குள்ளேயே மழை இருக்கிறது. ஆண்டாள் செய்தாளே என்றால், அவள் 'போல்' போட்டு உவமையாகச் செய்தாள். நமக்கு அடைமழை, பேய்மழை, கொட்டித் தீர்த்தது, வெளுத்து வாங்கியது என்று மழைக்கா சொல் பஞ்சம்? மிகுதிச் சொற்களிலேயே அளவுகோல் வைத்துப் பேசுவது வானிலைத் துறை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லி மீட்டருக்கு மேல் கன மழை, 115.6-க்கு மேல் மிக கன மழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கன மழை. 'மிக'வுக்கும் 'அதி'க்கும் இடையில் இவ்வளவு திட்டமாகக் கோடு போட்டதை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை வந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் பெய்தது. 21 சென்டி மீட்டருக்கும் அதி கனம், 95-க்கும் அதி கனம். அதிக்கு மேலே சொல் இல்லை. அந்த நாளில் எண்ணை மட்டும் எழுதிய தலைப்புதான் நின்றது.

கதை, செய்தி தவிர இன்னோர் இடத்தில் இந்தச் சொல் அடிக்கடி வரும்: போலீஸ் புகார் மனு. "என்னைச் சரமாரியாகத் தாக்கினார்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அங்கே இதைத் தவிருங்கள். எதனால் அடித்தார், உடம்பில் எங்கெங்கே, எத்தனை முறை என்பதை எழுதுங்கள்: "மரக்கட்டையால் வலது தோளில் இரண்டு முறை, தடுத்தபோது இடது முன்கையில் ஒரு முறை". மருத்துவர் காயங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத்தான் எழுதுவார். உங்கள் மனு 'சரமாரி' என்று சொல்லி, அவர் சான்றிதழ் ஒரே ஒரு வீக்கத்தைச் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடத்தைத்தான் பிடிப்பார்.

கடைசியாக எழுத்து. சரமாரி, சின்ன 'ரி'. 'சரமாறி' என்று இணையத்தில் நிறைய பார்க்கிறேன். தாறுமாறு பக்கத்திலேயே இருப்பதால் வந்த தொற்று போலிருக்கிறது. அது மாறுதல் அல்ல, மழை. 'சராமாரி' என்று நீட்டவும் வேண்டாம். 'ஆக' வந்தபின் க, ச, த, ப-வில் தொடங்கும் வினை வந்தால் ஒற்று மிகும்: சரமாரியாகக் கேட்டார், சரமாரியாகச் சுட்டனர், சரமாரியாகத் தாக்கினர், சரமாரியாகப் பாய்ந்தன. 'வெட்டினர்', 'அடித்தனர்', 'விளாசினார்' வந்தால் எதுவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம். பெயருக்கு முன்னால் என்றால் 'சரமாரியான கேள்விகள்'.